பெரும்புயலைத் தாங்கும் சதுப்பு அன்றாட அலையில் கரைவது ஏன்? பொழியூர் – நீரோடி எல்லைக் கடற்கரை: ஓர் அலசல்

திருவனந்தபுரம்: கடல் சீற்றம் குறித்து ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) வெளியிடும் எச்சரிக்கைகளில், தென்கோடிக் கரைகளுக்கான இரண்டு வரிகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒன்று, திருவனந்தபுரம் மாவட்டத்தில் காப்பில் முதல் பொழியூர் வரை. மற்றொன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை. முதல் வரி முடியும் பொழியூரும் அடுத்த வரி தொடங்கும் நீரோடியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுவது கேரள – தமிழக எல்லைக் கோடு மட்டுமே.

எச்சரிக்கை ஒரே அலுவலகத்திலிருந்து வருகிறது. அலையும் ஒன்றுதான். ஆனால் அந்த அலையிலிருந்து கரையைக் காக்கும் பணி இரு அரசுகளிடம், இரு வேறு திட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. உலகெங்கும் கடல்சார் ஆய்வாளர்கள் கருங்கல் சுவர்களுடன் உப்புச் சதுப்பு நிலங்கள், அலையாத்திக் காடுகள், மணல் திட்டுகள் ஆகியவற்றையும் வெள்ளத் தடுப்பு அரண்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியுள்ள காலம் இது. அந்த அரண்கள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற கேள்வி பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளின் கடலோரக் கிராமங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

எல்லைக் கரையின் அமைப்பு

நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு கிடக்கிறது. அதன் உட்புறத்தில் அமைதியான கழிமுகம்; கரையோரங்களில் கண்டல் செடிகள், தாழை, கோரை. கண்டல் என்பது அலையாத்திக்கு இப்பகுதியில் வழங்கும் பெயர். பூவாருக்குத் தெற்கே குளத்தூர் ஊராட்சியைச் சேர்ந்த பொழியூர். அதையடுத்துத் தமிழகத்தின் கொல்லங்கோடு, நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என மீனவக் கிராமங்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன.

‘பொழி’ என்பது ஆறும் கடலும் கூடும் முகத்துவாரத்துக்கு இங்கே வழங்கும் சொல். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். வறண்ட மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். இந்தத் திறப்பும் அடைப்பும்தான் கழிமுகத்தின் உப்புத்தன்மையையும் நீர்மட்டத்தையும் தீர்மானிக்கின்றன. அங்கே எந்தச் செடி நிலைக்கும் என்பதும் அதைப் பொறுத்ததே.

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்தக் கரை முழுவதும் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர் – கொச்சி என ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1860-இல் தோண்டத் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் (ஏ.வி.எம். கால்வாய்) பூவாரில் தொடங்கி, கடற்கரைக்கு இணையாகக் குமரி மாவட்டத்துக்குள் செல்கிறது. இன்று பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கும் அந்தக் கால்வாய், இரு மாநிலக் கரைகளும் ஒரே நீர்ப்பரப்பைச் சார்ந்தவை என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று.

சதுப்பு எவ்வாறு அலையை அடக்குகிறது?

ஓத நீர் ஏறி இறங்கும் தாழ்வான சேற்று நிலத்தில், உப்பைத் தாங்கும் உமரி போன்ற செடிகளும் புற்களும் அடர்ந்து வளரும் பகுதியே உப்புச் சதுப்பு. தமிழகத்தில் வேதாரண்யம், முத்துப்பேட்டை பகுதிகளில் இத்தகைய பரப்புகளைக் காணலாம். அலை இந்த நிலத்தின் மீது நகரும்போது இரண்டு விதங்களில் ஆற்றலை இழக்கிறது. ஆழம் குறைவதால் அடித்தரையில் உரசி வேகம் குறைகிறது. தண்டுகளும் இலைகளும் நீரின் ஓட்டத்தைத் தடுப்பதால் மேலும் தளர்கிறது. அலையாத்தி என்ற தமிழ்ப் பெயரே இந்தப் பணியைச் சொல்கிறது: அலையை ஆற்றுவது.

புயல் காலத்திலும் இது நடக்குமா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. நீர் உயர்ந்து, செடிகள் முழுவதும் மூழ்கிய நிலையில், பெரிய அலைகளை அவை எப்படித் தடுக்கும்? இதற்கு விடை காண, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஐரிஸ் மோலர் தலைமையிலான குழு, ஜெர்மனியின் ஹனோவர் நகரில் உள்ள சுமார் 300 மீட்டர் நீள அலைத் தொட்டியில் இயற்கைச் சதுப்பு நிலத்தையே வெட்டியெடுத்துப் பதித்துச் சோதித்தது. 2014-இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, அலை தணிவதில் 60 சதவீதம் வரை செடிகளின் பங்கு. பெரிய அலைகளில் தண்டுகள் சாய்ந்தன, ஒடிந்தன. ஆனால் வேர்கள் பிணைத்திருந்த மண்பரப்பு அரிக்கப்படாமல் நிலைத்து நின்றது.

செடி ஒடிந்தாலும் நிலம் நின்றால், அடுத்த பருவத்தில் செடி மீண்டும் துளிர்க்கும். கருங்கல் சுவரிலிருந்து சதுப்பு வேறுபடும் இடம் இதுவே. சுவர் சரிந்தால் அதைத் திரும்பக் கட்ட ஒப்பந்தமும் நிதியும் வேண்டும்.

அரிப்பது எந்த அலை?

பெரும்புயலைத் தாங்கும் இந்த நிலங்கள் பின் ஏன் உலகெங்கும் சுருங்கி வருகின்றன? ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இத்தாலி நாடுகளின் எட்டுச் சதுப்பு நிலங்களை ஆராய்ந்த லியோனார்டி, கஞ்சு, ஃபகேரஸ்ஸி ஆகியோர், 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் இதற்கு விடையளித்தனர். நீண்ட கால அரிப்பில், கடும் புயல்கள், சூறாவளிகளின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரும் பகுதி அரிப்பு, மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் மிதமான அலைச் சீற்றங்களால் நிகழ்கிறது.

காரணம் எளிது. பெரும்புயலில் கடல்மட்டம் உயர்ந்து சதுப்பு மூழ்கிவிடுவதால், அலை அதன் தலைக்கு மேலே கடந்து செல்கிறது. மிதமான சீற்றத்தின்போது நீர்மட்டம் சதுப்பின் விளிம்பளவில் நிற்கிறது. அப்போது ஒவ்வோர் அலையும் வேர்ப்பிடிப்புக்குக் கீழே உள்ள மென்மையான சேற்றில் நேராக மோதுகிறது. அடிமண் குடையப்பட்டு, மேலே இருக்கும் புல்தரை பாளம் பாளமாகச் சரிகிறது. பெரும்புயல் அரிதாக வருவது. மிதமான அலை ஓயாது வருவது. கூட்டிக் கழித்தால் ஓயாத அலையே மிகுதியாகத் தின்றுவிடுகிறது.

விதிவிலக்கும் உண்டு. 2005-இல் கேத்ரினா, ரீட்டா சூறாவளிகள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சதுப்பைப் பெயர்த்தெறிந்தன. பின்னர் நடந்த ஆய்வில், உப்பு மிகுந்த, வேர் ஆழ்ந்த சதுப்புகள் பெரும்பாலும் தப்பியதும், உப்பு குறைந்த, வேர் மேலோட்டமான சதுப்புகளே கிழிந்துபோனதும் தெரியவந்தது. பொழி திறந்தும் மூடியும் உப்புத்தன்மையை மாற்றிக்கொண்டே இருக்கும் பூவார் போன்ற கழிமுகங்களில் இந்த வேறுபாடு கவனத்துக்குரியது. முகத்துவாரத்தை எப்போது திறப்பது என்பது வெள்ளம் வடிவதை மட்டும் சார்ந்த முடிவன்று. கரையோரச் செடிகளின் வேர் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதையும் தொடும் முடிவு.

கள்ளக்கடலின் முன் ஒரு வரம்பு

எல்லைக் கிராமங்களுக்கு மிகப் பழகிய ஆபத்து புயலன்று, கள்ளக்கடல். காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில், திருடனைப் போல் முன்னறிவிப்பின்றி ஊருக்குள் நுழையும் கடலுக்கு மலையாள மீனவர்கள் இட்ட பெயர் அது. 2012-இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் கடுங்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், ஏறத்தாழ ஒரு வாரம் பயணித்து இக்கரையை அடைகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் இது அதிகம். இன்காய்ஸ் 2020 முதல் இதற்கெனத் தனி முன்னறிவிப்பு முறையை நடத்தி வருகிறது.

2024 மார்ச் 31-ஆம் தேதி கேரளக் கரையின் பல இடங்களில் கள்ளக்கடல் வீடுகளுக்குள் புகுந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களில் பொழியூரும் ஒன்று. அதே ஆண்டு மே 6-ஆம் தேதி, இத்தகைய சீற்ற எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர்.

இயற்கை அரணின் வரம்பும் இங்கேதான் தெரிகிறது. காற்றலைகள் குட்டையானவை, சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரையிலான செடிப்பரப்பிலேயே அவை கணிசமாகத் தளரும். கள்ளக்கடலின் அலைகள் நீளமானவை. அவை செடிகளுக்கு ஊடாக அதிக தூரம் ஊடுருவும். புயலால் கடல்மட்டமே உயரும்போது அதைத் தாழ்த்த மிக அகலமான சதுப்பு தேவை. லூசியானா சூறாவளிகளின் அடிப்படையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1963-இல் வகுத்த பழைய கணக்கு, ஒரு மீட்டர் நீர்மட்டம் குறைய 14.5 கிலோமீட்டர் சதுப்பு தேவை என்றது. அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது எனப் பின்னாளைய ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர். ஆயினும் தேவைப்படும் அகலம் எந்த அளவினது என்பதை அது உணர்த்தும்.

தெற்குக் கேரளத்தில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே ஓதம் நனைக்கும் நிலப்பட்டையும் குறுகியது. அங்கே அகன்ற சதுப்பு உருவாக இடமில்லை. இந்திய வன நிலை அறிக்கை 2021-இன்படி, கேரளத்தின் மொத்த அலையாத்திப் பரப்பே 9 சதுர கிலோமீட்டர். தமிழகத்தில் 45 சதுர கிலோமீட்டர். பொழியூரின் திறந்த கடற்கரையில் செடி நட்டு அலையைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அங்கே முதல் அரண் மணல்தான். செடிப்பரப்பின் வேலை அதற்குப் பின்னால்: மணல் திட்டைத் தாண்டி வரும் நீரின் வேகத்தைக் குறைப்பது, கழிமுகத்தின் உட்கரையையும் கால்வாயோரத்தையும் அறுபடாமல் பிடித்து வைப்பது.

மணலுக்கு வந்த பஞ்சம்

முதல் அரணான மணலின் நிலை கவலைக்குரியது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றங்களை ஆராய்ந்தது. நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. கேரளத்தில் இது 46.4 சதவீதம், தமிழகத்தில் 42.7 சதவீதம். எல்லையின் இருபுறமும் நாட்டின் சராசரியை விட நிலை மோசம்.

மணல் குறைவதற்கு ஆற்றின் பக்கமும் காரணம் உண்டு, கடலின் பக்கமும் உண்டு. நெய்யாற்றில் அணை வண்டலைத் தேக்குகிறது. நெடுங்காலம் நடந்த மணல் அள்ளல் ஆற்றுப் படுகையைத் தாழ்த்தியது. இதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கடலின் பக்கம், கரையோரமாக நகரும் மணலைத் தூண்டில் வளைவுகள் பிடித்து வைக்கின்றன. ஒரு தூண்டில் வளைவு, மணல் வந்து சேரும் பக்கத்தில் கரையை வளர்க்கும். மறுபக்கத்தில் அதே அளவு மணல் குறையும். தமிழகப் பகுதியில் கட்டப்பட்ட தூண்டில் வளைவுகளால்தான் தங்கள் கரை கரைகிறது என்பது பொழியூர் மக்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. நீரோடி பக்கத்து மீனவர்களுக்கோ அந்த வளைவுகள் வீட்டைக் காத்த கட்டுமானங்கள். இரு தரப்பும் தம் கண்முன் நடப்பதையே சொல்கின்றன. மணலின் மொத்த வரவு செலவை ஒரே கணக்காக எழுத ஆளில்லை என்பதே சிக்கல்.

இந்நிலையில் புதிய திட்டங்களும் வரிசையில் நிற்கின்றன. பொழியூரில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் பணிக்குக் கேரள அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் தொடக்க நிதி ஒதுக்கியது. தமிழகப் பகுதியில், கிள்ளியூர் வட்டத்தில் கொல்லங்கோடு, ஏழுதேசம் உள்ளிட்ட கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் முன்வைத்த திட்டத்துக்கு 2024-இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. துறைமுகத்தின் தேவையை மீனவர்கள் உணர்ந்தே கேட்கின்றனர். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இப்பகுதி ஆழ்கடல் மீனவர்களைப் பலிகொண்ட நினைவு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தன் எல்லைக்குள் மட்டும் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கிட்டால், அடுத்த மாநிலத்தின் கரை எந்தக் கணக்கிலும் வராமல் போகும்.

கல்லா, செடியா?

கல் அரண் வீண் என்று சொல்வதற்கில்லை. எர்ணாகுளம் மாவட்டம் செல்லானத்தில் 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் டெட்ராபாட் கான்கிரீட் கட்டைகளால் அமைக்கப்பட்ட அரண், ஆண்டுதோறும் கடல் புகுந்த பகுதிக்குப் பெரும் நிம்மதி தந்தது. அரண் முடியும் இடத்துக்கு அப்பால் உள்ள கண்ணமாலி மக்களோ, தங்கள் கரையில் சீற்றம் கூடிவிட்டதாகக் கூறி, அரணை நீட்டிக்கக் கோரிப் போராடினர். திறந்த கரையில் வீடுகள் கடலை ஒட்டி நிற்கும் இடங்களில் கல் தவிர்க்க முடியாததாகலாம். அதே கல்லைக் கழிமுகத்தின் உட்கரைக்கும் கொண்டுசெல்வதுதான் ஆபத்து. சதுப்புக்குப் பின்னால் சுவர் எழுந்தால், கடல்மட்டம் உயரும்போது சதுப்பு நிலப்பக்கம் பின்வாங்க வழியில்லை. முன்னே அலை, பின்னே சுவர் என நெருக்குண்டு அது மறைந்துவிடும்.

சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. 2019 ஜனவரி 18-ஆம் தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையாத்திக் காடுகள், உப்புச் சதுப்புகள், மணற்குன்றுகள், உயிர்ச்செறிவு மிக்க சேற்றுத் திட்டுகள் ஆகியவற்றை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் பிரிவில் வைக்கிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையமும் உண்டு. பூவார் போன்ற இடங்களில் துண்டு துண்டாக நிற்கும் சிறு பரப்புகள் இந்த வரம்புக்குள் வராமல் போனால், காப்பு வளையமும் கிடைக்காது.

நிதிக்கும் வழிகள் உள்ளன. மத்திய அரசு 2023 ஜூன் 5-இல் தொடங்கிய ‘மிஷ்டி’ திட்டம், 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திகளை வளர்க்க இலக்கு வைத்துள்ளது. தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில், உலக வங்கி உதவியுடன் 2,000 கோடி ரூபாய் மதிப்பில் ‘நெய்தல் மீட்சி இயக்கம்’ அறிவித்தது. எச்சரிக்கை ஒன்று தேவை: இயற்கையாகப் புல்லும் உமரியும் வளரும் சேற்றுநிலத்தில் இலக்கை எட்டுவதற்காக அலையாத்திக் கன்றுகளை நடுவது, இருக்கும் அரணை அழித்துப் புதியதைத் தேடுவதாகவே முடியும்.

கேரளத்தின் ‘புனர்கேகம்’ திட்டம், கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பங்கள் இடம்பெயர 10 லட்சம் ரூபாய் வழங்குகிறது. மொத்த மதிப்பு 2,450 கோடி ரூபாய். கடலை நம்பிப் பிழைப்பவர்களைக் கடலை விட்டு விலக்குவதாக இதன் மீது விமர்சனம் உண்டு. குடும்பங்கள் விருப்பத்துடன் விட்டுச்செல்லும் நிலம் என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி. அது மீண்டும் கட்டடமாகாமல் மணலுக்கும் செடிக்கும் விடப்பட்டால், அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு ஒரு பயன் கிட்டும்.

பருவத்துக்கு முந்தைய பணி

ஆய்வுகள் காட்டும் பாடத்தை எல்லைக் கரைக்குப் பொருத்தினால், பேரிடர் நிதியை விட ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பே முதன்மை பெறுகிறது. சதுப்பின் விளிம்பு எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. அரிப்பு தொடங்கிய இடங்களில் கயிற்றுப் பாய்கள், மூங்கில் வேலிகள் போன்ற எளிய தடுப்புகளால் சேறு படிய உதவலாம். கயிறு கேரளத்திலேயே உற்பத்தியாவது. படகுகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தினால், அவை எழுப்பும் அலை கழிமுக விளிம்பை ஓயாமல் மோதுவது குறையும். பொழி வெட்டும்போது கிடைக்கும் மணல் வேறெங்கும் போகாமல் கரைக்கே திரும்ப வேண்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, பூவார் முதல் தேங்காய்ப்பட்டணம் வரையிலான கரையை ஒரே அலகாகக் கொண்டு இரு மாநிலங்களும் சேர்ந்து எழுதும் மணல் கணக்கு. தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்திடம் இரு பக்கத்துத் தரவும் உண்டு. இன்காய்ஸின் எச்சரிக்கை இரு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போகிறது. இல்லாதது, ஒரு தூண்டில் வளைவுக்கோ துறைமுகத்துக்கோ ஒப்புதல் தரும் முன் எல்லைக்கு அப்பால் உள்ள ஊரையும் கேட்க வேண்டும் என்ற நடைமுறை. அடுத்த கள்ளக்கடல் எச்சரிக்கையிலும் பொழியூரும் நீரோடியும் வெவ்வேறு வரிகளிலேயே இருக்கும். அவற்றின் கரை மட்டும் ஒரே கோப்பில் இடம்பெறுமா என்பது திருவனந்தபுரமும் சென்னையும் எடுக்க வேண்டிய முடிவு.